நிரல் நின்ற பிறகும் நிற்கும் மாறிகள்

நிரல் எழுதக் கற்றுக்கொண்ட எல்லோரும் முதல் வாரத்திலேயே இப்படி ஒன்றை எழுதியிருப்போம்:

எண்ணிக்கை = 0
எண்ணிக்கை = எண்ணிக்கை + 1
அச்சிடு எண்ணிக்கை

ஓட்டினால் 1 வரும். மறுபடி ஓட்டினாலும் 1 தான். நூறு தடவை ஓட்டினாலும் அதே 1. நிரல் முடிந்ததும் அதற்குக் கொடுத்திருந்த நினைவகத்தை இயங்குதளம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. எண்ணிக்கை என்று ஒரு மாறி இருந்த தடயமே மிஞ்சாது.

சரி, எத்தனை தடவை ஓடினோம் என்பதை அந்த நிரலே நினைவில் வைத்திருக்க வேண்டும் என்றால்? ஒரு கோப்பைத் திறக்க வேண்டும். கோப்பே இல்லையென்றால் இதுதான் முதல் தடவை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இருந்தால் உள்ளே உள்ள எழுத்துகளைப் படித்து எண்ணாக மாற்ற வேண்டும். யாராவது அந்தக் கோப்பில் கைவைத்து எண்ணுக்குப் பதில் வேறு எதையாவது எழுதியிருந்தால் அதையும் சமாளிக்க வேண்டும். அப்புறம் ஒன்றைக் கூட்டி, மறுபடி எழுத்தாக்கி, எழுதி, மூட வேண்டும். நினைத்த வேலை ஒரு வரி. அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து வரி எடுபிடி வேலை.

இந்த எடுபிடி வேலை எவ்வளவு என்று கேட்டவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தில் மால்கம் அட்கின்சன், ரான் மாரிசன் முதலானோர் 1983-ல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, வழக்கமான ஒரு நிரலில் ஏறக்குறைய 30 சதவீதம் தரவைக் கோப்புக்கோ டேட்டாபேஸுக்கோ கொண்டுபோவதற்கும் கொண்டுவருவதற்குமே செலவாகிறது என்று குறிப்பிட்டது. அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: இந்த வேலையை ஏன் நிரல்மொழியே பார்த்துக்கொள்ளக் கூடாது?

ஒரு நிரல் நின்ற பிறகும் அதன் தரவு நீடிப்பதை நிலைப்பு என்று சொல்லலாம். அந்த நிலைப்பை மொழிக்குள்ளேயே கொண்டுவரும் மொழிகள் நிலைப்பு மொழிகள். (ஒரு சின்னக் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஒரு பட்டியலை மாற்றினாலும் அதன் பழைய வடிவத்தைக் கலையாமல் வைத்திருக்கும் தரவு அமைப்புகளையும் ஆங்கிலத்தில் பெர்சிஸ்டென்ட் என்றே அழைக்கிறார்கள். அது வேறு விஷயம். அதற்கு டிஸ்க்கே தேவையில்லை.)

நம் பொம்மை மொழியில் ஒரு சொல்லைச் சேர்த்துப் பார்ப்போம்:

நிலை எண்ணிக்கை = 0
எண்ணிக்கை = எண்ணிக்கை + 1
அச்சிடு எண்ணிக்கை

'நிலை' என்று போட்டால் இந்த மாறி நிரலோடு சாகாது. முதல் ஓட்டத்தில் 1, அடுத்ததில் 2, அப்புறம் 3. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வரியை இன்னொரு தடவை பாருங்கள். '= 0' என்று எழுதியிருக்கிறோம். ஒவ்வோர் ஓட்டத்திலும் அந்த வரி வேலை செய்தால் மதிப்பு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், நிலைப்புக்கு அர்த்தமே இல்லை. எனவே இங்கே '=' என்ற குறிக்கு வழக்கமான பொருள் கிடையாது; 'ஏற்கெனவே மதிப்பு இல்லாவிட்டால் மட்டும் இதை வை' என்று பொருள். ஒரே ஒரு சொல்லைச் சேர்த்ததும் மிகப் பழைய குறி ஒன்றின் பொருள் மாறிவிட்டது. மொழி வடிவமைப்பில் இப்படித்தான் நடக்கும்.

இரண்டு உலகங்கள்

டேட்டாபேஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சிக்கல், நிரலுக்குள் தரவு இருக்கும் விதமும் டேட்டாபேஸுக்குள் இருக்கும் விதமும் ஒத்துப்போவதில்லை என்பதுதான்.

ஒரு நூலகத்துக்கு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நிரலில் நூல் என்பது ஒரு பொருள் (ஆங்கிலத்தில் ஆப்ஜெக்ட்). அதற்குள் தலைப்பு இருக்கும், ஆசிரியர்களின் பட்டியல் இருக்கும், நூலை எடுத்துப்போன உறுப்பினரைக் காட்டும் சுட்டி இருக்கும். எடுத்துப்போனவரின் பெயர் வேண்டுமா? நூல்.எடுத்தவர்.பெயர் என்று புள்ளி வைத்துத் தாவினால் போதும்.

டேட்டாபேஸில் இந்தத் தாவல் கிடையாது. 1970-ல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் முன்வைத்த மாதிரியில் எல்லாமே அட்டவணைகள். சுட்டிகள் இல்லை, ஓர் அட்டவணையில் இருக்கும் எண்ணும் இன்னோர் அட்டவணையில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் அவை தொடர்புடையவை, அவ்வளவுதான். ஆசிரியர் பட்டியலை ஒரே கட்டத்துக்குள் திணிக்கவும் கூடாது. நூல்களுக்கு ஓர் அட்டவணை, ஆசிரியர்களுக்கு ஒன்று, எந்த நூல் யாருடையது என்று இணைக்க மூன்றாவது. நிரலில் ஒரே பொருளாக இருந்தது இங்கே மூன்று துண்டுகளாகிறது. வாங்கும்போது ஒட்டவேண்டும், வைக்கும்போது பிரிக்கவேண்டும்.

இந்தப் பொருந்தாமைக்கு 1980களில் மின்பொறியியலிலிருந்து ஒரு பெயரைக் கடன் வாங்கினார்கள்: இம்பீடன்ஸ் மிஸ்மேட்ச். இரண்டு மின்சுற்றுகளின் மின்மறுப்பு பொருந்தாவிட்டால் இணைப்பில் ஆற்றல் வீணாகும் அல்லவா, அதுபோல.

வடிவம் பொருந்தாததைவிட எனக்கு எரிச்சலூட்டுவது வேறொன்று. பெரும்பாலான நிரல்களில் டேட்டாபேஸுக்கான வினா, எஸ்.கியூ.எல் என்ற தனி வினா மொழியில் எழுதப்பட்டு, வெறும் சரமாகத்தான், அதாவது மேற்கோள் குறிகளுக்குள் அடைத்த எழுத்துத் தொடராகத்தான், போகிறது. அதற்குள் இருப்பது என்னவென்று, நிரலைச் சரிபார்த்து இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நான் ஒருமுறை அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றிவிட்டு, நிரலிலும் எல்லா இடத்திலும் மாற்றிவிட்டதாக நம்பினேன். கம்பைலர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஒப்புக்கொண்டது. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் ஓர் அறிக்கையில் பழைய பெயர் ஒரு சரத்துக்குள் ஒளிந்திருந்தது. மாதக் கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. எழுத்துப் பிழையுள்ள மாறிப் பெயரை ஒரு நொடியில் பிடிக்கும் கருவி, அதே பிழை மேற்கோள் குறிக்குள் இருந்தால் கண்டுகொள்ளாது.

எஸ்.கியூ.எல் இன்ஜெக்‌ஷன் என்ற தாக்குதலுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. பயனர் தட்டச்சு செய்த பெயரையும் நாம் எழுதிய கட்டளையையும் ஒரே சரமாக ஒட்டினால், எது தரவு, எது கட்டளை என்ற வேறுபாடு அழிந்துவிடுகிறது. கவனக்குறைவான நிரலர்களின் தவறு என்று இதைச் சொல்வது வழக்கம். இரண்டு மொழிகளைச் சரங்களால் ஒட்டவைத்த வடிவமைப்புக்கும் இந்தப் பழியில் பெரும்பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

ஒரு தொப்பிக் குறி

மொழிக்குள் நிலைப்பு என்பது புதிய கனவு என்று நினைத்துவிட வேண்டாம். 1960களின் பிற்பகுதியில் பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மம்ப்ஸ் என்றொரு மொழி உருவானது. நோயாளிகளின் பதிவேடுகளைக் கையாள்வதற்காக எழுதப்பட்டது. அதில் சாதாரண மாறி நிரலோடு போய்விடும். பெயருக்கு முன்னால் தொப்பி போன்ற ^ குறியைப் போட்டால் அது டிஸ்க்கில் தங்கிவிடும், மற்ற நிரல்களும் அதைப் பார்க்கலாம். நம் 'நிலை' என்ற சொல் செய்யும் வேலையை ஒரே ஓர் எழுத்து செய்துவிட்டது.

இன்றும் பல மருத்துவமனை மென்பொருள்களின் அடியில் மம்ப்ஸோ அதன் வழித்தோன்றல்களோ ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த மொழியைக் கிண்டல் செய்பவர்கள் நிறைய. கட்டளைகளை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி எழுதிய பழைய நிரல்களைப் பார்த்தால் அந்தக் கிண்டலும் புரியும். இன்னொரு குறை: அதில் வகைகள் (இது எண், இது சரம் என்ற பாகுபாடு) என்று எதுவும் கிடையாது, எல்லாமே சரங்கள்தான். வயது இருக்க வேண்டிய இடத்தில் முகவரி உட்கார்ந்திருந்தால் மொழி தடுக்காது.

1977-ல் யோவாகிம் ஷ்மிட் எதிர்த்திசையிலிருந்து வந்தார். அவருடைய பாஸ்கல்/ஆர் மொழியில், எண், சரம் போல 'அட்டவணை' என்பதும் மொழியின் ஒரு வகை. வினாவும் மொழியின் வாக்கியம்தான், எனவே கம்பைலர் சரிபார்க்கும். மேலே நான் புலம்பிய பிழை அங்கே நடக்காது. ஆனால் அட்டவணைகளை மட்டும்தான் நிலைக்க வைக்க முடியும். ஒரு மரத்தையோ சுட்டிகளால் பின்னிய வலையையோ வைக்க வேண்டுமென்றால் பழையபடி உடைத்து அட்டவணையாக்க வேண்டியதுதான்.

இங்கேதான் 1980களின் தொடக்கத்தில் அட்கின்சன், மாரிசன் இருந்த ஸ்காட்லாந்துக் குழு உருவாக்கிய பிஎஸ்-அல்கால் மொழி வருகிறது. எவ்வளவு காலம் வாழும் என்பதற்கும் என்ன வகை என்பதற்கும் தொடர்பே இருக்கக் கூடாது என்றார்கள். எண்ணோ, பட்டியலோ, மரமோ, எதுவானாலும் நிலைக்க உரிமை உண்டு. அதோடு, தரவு டிஸ்க்கிலிருந்து வந்ததா இப்போதுதான் உருவானதா என்று பார்த்து நிரல் வேறுவேறாக எழுதப்படக் கூடாது. பட்டியலை வரிசைப்படுத்தும் செயல்கூறை (ஃபங்ஷனை) ஒரு தடவை எழுதினால் இரண்டுக்கும் அதுவே வேலை செய்ய வேண்டும்.

ஜாவாவை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அதில் பொருள்களை பைட்டுகளாக்கிச் சேமிக்க ஒரு வசதி 1997-லிருந்தே இருக்கிறது. ஆனால் ஒரு கிளாஸ் (பொருள்களின் வகையை வரையறுக்கும் பகுதி) 'என்னைச் சேமிக்கலாம்' என்று முன்கூட்டியே அறிவித்திருந்தால்தான் முடியும். அதாவது நிலைப்பு வகையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேறொருவர் எழுதிய நூலகக் கிளாஸில் அந்த அறிவிப்பு இல்லையென்றால் மாட்டிக்கொண்டோம்.

எதை வைப்பது, எதை விடுவது

எல்லாவற்றுக்கும் நிலைக்க உரிமை இருக்கலாம். எல்லாமே நிலைத்துவிட்டால் டிஸ்க் குப்பைத்தொட்டியாகிவிடும். எனவே எது உண்மையில் நிலைக்க வேண்டும் என்று மொழிக்குத் தெரிய வேண்டும். பிஎஸ்-அல்கால் தந்த விடை எனக்குப் பிடித்த ஒன்று: ஒரு வேரைக் குறித்துவிடு. அந்த வேரிலிருந்து சுட்டிகளைப் பிடித்துக்கொண்டு போய் எட்டக்கூடியதெல்லாம் நிலைக்கும். எட்ட முடியாதது தானாக மறையும்.

நிலை நூலகம் = புதிய நூலகம்()
நூலகம்.சேர்(புதிய நூல்("வானியல் அறிமுகம்"))

'நிலை' என்று குறித்தது நூலகத்தை மட்டும்தான். நூலை அதில் சேர்த்ததும் நூலும் நிலைக்கிறது. அதன் ஆசிரியர் பட்டியலும் கூடவே. நினைவகத்தில் யாரும் சுட்டாத பொருள்களைக் கழித்துக்கட்டும் குப்பை அகற்றி பல மொழிகளில் உண்டல்லவா, அதே உத்தியை டிஸ்க் வரை நீட்டியிருக்கிறார்கள்.

இதன் மறுபக்கம் நடைமுறையில்தான் தெரியும். நூலுக்குள் எங்கோ ஒரு மூலையில், தற்காலிகத் தேவைக்காகத் திரையிலுள்ள ஒரு சாளரத்தை நோக்கிச் சுட்டி வைத்துவிட்டீர்கள் என்றால், சாளரமும் எட்டக்கூடியதாகிவிடும். சாளரம் வழியாக மொத்தப் பயனர் இடைமுகமும் டிஸ்க்குக்குக் கிளம்பிவிடும். திறந்திருக்கும் பிணைய இணைப்பைச் சேமித்து நாளை திரும்ப எடுத்தால் மறுமுனையில் யார் இருப்பார்கள்? எனவே 'இந்தச் சுட்டி வழியாகப் போகாதே' என்று சொல்லவும் மொழியில் ஒரு சொல் வேண்டும். ஜாவாவில் அதற்கு டிரான்சியன்ட் என்று பெயர். 1990களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் சன் நிறுவனமும் சேர்ந்து ஜாவாவுக்கு முழு நிலைப்பைக் கொண்டுவர முயன்ற பிஜாமா திட்டத்துக்கு, ஜாவா நிரல்களை ஓட்டும் மென்பொருளான ஜாவா இயந்திரத்தையே தனியாக மாற்றியமைக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே இருக்கும் மொழியில் இதை மேலாக ஒட்டுவது சுலபமல்ல.

அடுத்தது, எப்போது வைப்பது? ஒரு நூலை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றுகிறோம். பழையவரின் பட்டியலிலிருந்து நீக்கியாகிவிட்டது, புதியவரின் பட்டியலில் இன்னும் சேர்க்கவில்லை, அந்த நொடியில் மின்சாரம் போய்விடுகிறது. நினைவகத்தில் மட்டும் இருந்தால் இந்த அரைகுறை நிலை நிரலோடு அழிந்திருக்கும், அடுத்த ஓட்டம் சுத்தமாகத் தொடங்கும். நிலைத்த தரவில் அரைகுறையும் நிலைத்துவிடும். அதனால் 'இவை எல்லாம் சேர்ந்து ஒரே வேலை, நடந்தால் முழுதாக நட, இல்லையேல் நடக்கவே நடக்காதே' என்று சொல்லும் வழி மொழியிலேயே இருந்தாக வேண்டும். டேட்டாபேஸ் உலகம் இதைப் பரிவர்த்தனை என்கிறது. செய்யப்போவதை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அது டிஸ்க்கில் பத்திரமாக இறங்கிய பிறகே உண்மையான தரவில் கைவைப்பது அதன் அடிப்படை உத்தி. மின்சாரம் திரும்பியதும் குறிப்பேட்டைப் பார்த்து முடிக்க வேண்டியதை முடிக்கலாம், விட வேண்டியதை விடலாம்.

தேடுதல் பற்றி ஒரு வார்த்தை. சுட்டி பிடித்துத் தாவுவது ஒரு நூலுக்குச் சரி. 'ஓராண்டாக யாரும் எடுக்காத நூல்கள் எவை' என்று கேட்டால் லட்சம் பொருள்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். எஸ்.கியூ.எல் பலமாக நிற்பது இங்கேதான்: என்ன வேண்டும் என்று மட்டும் சொல்கிறோம், எந்த வழியில் தேடுவது என்பதை டேட்டாபேஸ் முடிவு செய்கிறது. 2007-ல் சி ஷார்ப் மொழியில் வந்த லின்க் என்ற வசதி இரண்டையும் சேர்க்கப் பார்த்தது. வினாவை மொழியின் வாக்கியமாகவே எழுதலாம், கம்பைலர் சரிபார்க்கும். ஆனால் அதை உடனே ஓட்டாமல் ஒரு மரவடிவமாக வைத்துக்கொண்டு எஸ்.கியூ.எல்லாக மொழிபெயர்த்து அனுப்பவும் முடியும். இந்தத் துறையிலிருந்து அன்றாட நிரலர்களின் கைக்கு உருப்படியாக வந்து சேர்ந்தவற்றில் இதை முதலில் வைப்பேன்.

நேற்றைய தரவு, இன்றைய வகை

இதுவரை பார்த்தவை எல்லாம் கடினமானவைதான், ஆனால் விடை தெரிந்தவை. இனி வருவதைத்தான் ஒரு நிலைப்பு மொழியை வடிவமைப்பவர் முதல் நாளே யோசிக்க வேண்டும். பெரும்பாலும் கடைசி நாள்தான் யோசிக்கிறார்கள்.

சாதாரண மொழியில் ஒரு வகையை மாற்றினால், மறுபடி கம்பைல் செய்து மறுபடி ஓட்டுவோம். பழைய வகையில் உருவான பொருள் ஒன்றுகூட மிச்சமிருக்காது, நிரல் நின்றதும் எல்லாம் போய்விட்டது. வகைச் சரிபார்ப்பு என்ற ஏற்பாடே இந்த மறதியை நம்பித்தான் இருக்கிறது. நிலைப்பு மொழியில் மறதி கிடையாது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, அன்றைய வகைப்படி உருவான பொருள்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

அன்று இப்படி இருந்தது:

வகை உறுப்பினர்
  பெயர்: சரம்
  தொலைபேசி: சரம்

இன்று இப்படி மாற்றுகிறோம்:

வகை உறுப்பினர்
  முழுப்பெயர்: சரம்
  தொலைபேசிகள்: பட்டியல்(சரம்)
  மின்னஞ்சல்: சரம்

டிஸ்க்கில் பத்தாயிரம் பழைய உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மின்னஞ்சல் அவர்களிடம் இல்லை. வெற்றுச் சரம் என்று வைப்பதா, 'தெரியாது' என்று வைப்பதா? இரண்டும் ஒன்றல்ல. தொலைபேசியை ஒற்றை உருப்படி கொண்ட பட்டியலாக்கலாம், அது சுலபம். பெயர்தான் வினோதமான சிக்கல். 'பெயர்' என்பதை 'முழுப்பெயர்' என்று மாற்றினோம் என்பது நமக்குத் தெரியும். கம்பைலரின் கண்ணுக்கு, ஒரு புலம் நீக்கப்பட்டிருக்கிறது, வேறொரு புலம் சேர்க்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அது தன் போக்கில் முடிவெடுத்தால் பத்தாயிரம் பெயர்களும் அழிந்துவிடும். நிரலர் வாய்திறந்து சொன்னால் ஒழிய இதைக் கண்டுபிடிக்க எந்தக் கம்பைலராலும் முடியாது.

எனவே பழையதிலிருந்து புதியதுக்கு எப்படிப் போவது என்பதை எழுத மொழியில் ஓர் இடம் வேண்டும். மோட்டோகோ என்ற புதிய மொழி இதில் பாராட்டத்தக்க ஒன்றைச் செய்கிறது: ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குப் பதில் புதிய பதிப்பை வைக்கும் முன், பழைய நிலைத்த மாறிகளின் வகைகளோடு புதியவை ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க முடியும். சாதாரணக் கம்பைலர் ஒரு நிரலுக்குள் முரண்பாடு உண்டா என்று பார்க்கும். இங்கே அதே நிரலின் நேற்றைய பதிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

மாற்றத்தை எப்போது செய்வது என்பது அடுத்த தலைவலி. பத்தாயிரம் என்றால் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம். பல கோடி என்றால் அதுவரை எல்லோரையும் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பொருளையும் யாராவது தொடும்போது மட்டும் மாற்ற வேண்டும். அப்படியானால் பல ஆண்டுகளாக யாரும் தொடாத பொருள்கள் பழைய வடிவத்திலேயே தூங்கும், மாற்றும் விதியையும் அத்தனை ஆண்டுகள் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும். இதற்கிடையில் பழைய பதிப்பு ஒரு கணினியிலும் புதிய பதிப்பு இன்னொன்றிலும் ஒரே தரவின்மேல் ஓடிக்கொண்டிருந்தால், புதியவர் எழுதியதைப் பழையவரும் படிக்க வேண்டும். அப்போது முன்னோக்கிய விதி மட்டும் போதாது, பின்னோக்கியும் ஒன்று வேண்டும்.

செயல்கூறுகளையும் சேமிக்கலாம் என்று அனுமதித்தால் நிலைமை இன்னும் சுவாரசியமாகிறது. பிஎஸ்-அல்காலும் அதற்கு அடுத்து வந்த நேப்பியர்88-ம் அதை அனுமதித்தன. நேற்று சேமித்த செயல்கூறு, நேற்று இருந்த இன்னொரு செயல்கூறை அழைக்கிறது. இன்று அதே பெயரில் இருப்பதன் பொருள் மாறியிருந்தால் எதை அழைப்பது? யூனிசன் என்ற மொழி பெயர்களை நம்புவதையே விட்டுவிட்டது. ஒவ்வொரு செயல்கூறுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹேஷ் என்ற கைரேகை போன்ற எண்தான் அடையாளம். உள்ளடக்கம் மாறினால் ஹேஷும் மாறும், பழையது பழையதாகவே இருக்கும். பெயர் என்பது மனிதர்களுக்காக மேலே ஒட்டிய சீட்டு.

கையால் செய்து பார்க்க ஆசை இருந்தால், நீங்கள் ஏற்கெனவே எழுதிய ஏதாவது ஒரு சின்ன இன்டர்பிரட்டரை (ஒரு மொழியின் நிரலைப் படித்து ஓட்டும் நிரலை) எடுத்து 'நிலை' என்ற சொல்லை மட்டும் சேர்த்துப் பாருங்கள். டிஸ்க் வேலைக்கு எஸ்.கியூ.லைட் என்ற சின்ன டேட்டாபேஸ் போதும்; பரிவர்த்தனையை அது பார்த்துக்கொள்ளும். முதலில் எண்களும் சரங்களும், அப்புறம் பட்டியல், அப்புறம் சுட்டி. ஒவ்வொரு மதிப்போடும் அது எந்த வகைப் பதிப்பில் எழுதப்பட்டது என்று ஓர் எண்ணை முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள்; இரண்டாவது மாதத்தில் அதைச் சேர்க்க நினைத்தால், எண் இல்லாத பழைய மதிப்புகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும்.